எஸ்தருக்கு ஒரு நட்சத்திரம்

செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணி. கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் இறங்கிய கூட்டத்தில் பெட்டியோடு நின்றவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் கையில் டிபன் பாக்ஸ், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. ஒன்பது மணி ஷிப்டைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு என் பெட்டி இடைஞ்சல். இரண்டு பேர் தாண்டிப் போனார்கள், ஒருவர் காலால் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

முந்தின நாள் மாலை ராஜபாளையத்தில் ரயில் ஏறி, விடியும்போது எழும்பூரில் இறங்கி, மூர் மார்க்கெட் நிலையத்திலிருந்து புறநகர் வண்டி பிடித்தேன். பதினைந்து ரூபாய்ச் சீட்டு, ஒன்றரை மணி நேரப் பயணம். எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள், பொன்னேரி தாண்டியதும் இரண்டு பக்கமும் நெல் வயல், கவரப்பேட்டைக்கு அப்பால் வயலுக்கு நடுவிலேயே தகரக் கொட்டகைகள். காற்றில் சேற்று வாசனை போய் இரும்புத் தூள் வாசனை வந்தபோது ஊர் வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். இயந்திரங்களுக்கு வாங்கும் உதிரிபாகங்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவது என் வேலை. இங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு வார்ப்பாலையில் இருபத்துநான்கு பல்சக்கரங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தோம். அவற்றைப் பார்த்துவிட்டு மறுநாளே திரும்பிவிடலாம் என்பது திட்டம். போகிற இடத்தைப் பற்றி எழுதுவது எனக்குப் பழக்கம். கோவையைப் பற்றி எழுதியிருக்கிறேன், ஓசூரைப் பற்றி எழுதியிருக்கிறேன். இந்த முறை ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கோபம்தான் முன்னால் வருகிறது. அதையே எழுதிவிடுகிறேன்.

தங்க ஏற்பாடு செய்திருந்த ஓட்டல், நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டரில், கொல்கத்தா நெடுஞ்சாலையின் மேல் இருந்தது. பெயர் வேண்டாம். மாடியில் அறைகள், வாடகை நாளுக்கு ஆயிரத்து நானூறு. கீழே குளிர்சாதனம் போட்ட சாப்பாட்டுக் கூடம். லாரிக்காரர்கள், தொழிற்சாலைக்கு வந்துபோகும் அதிகாரிகள், ஆந்திரப் பக்கம் கோயிலுக்குப் போகும் குடும்பங்கள் என்று எப்போதும் ஆள் இருக்கும் இடம். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும்படி ஒரு பலகை: 'எங்கள் பணியாளர்களை நீங்களே மதிப்பிடுங்கள். சேவையின் தரத்துக்கேற்ப அன்பளிப்பு.' பக்கத்தில் ஐந்து நட்சத்திரங்கள்.

எனக்கு அது பிடித்திருந்தது. தரம் பார்த்துச் சம்பாதிக்கிறவள் நான். தரத்துக்கேற்ப என்ற சொல்லைப் பார்த்தால் பிடிக்காமல் இருக்குமா?

இட்லி, வடை, காபி. நூற்றுப் பத்து ரூபாய். பரிமாறியவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். சட்டையில் 'எஸ்தர்' என்று பெயர்ப் பட்டை. சட்னி தீர்வதற்குள் ஊற்றினார், காபி மட்டும் கொஞ்சம் தாமதம். சாப்பிட்டு முடித்ததும் கையகலத் திரை ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் பிடித்தபடி என் எதிரில் நின்றார்.

"ஸ்டார் போட்டுடுங்க மேடம். அப்பதான் பில்லு வரும்."

எத்தனை நட்சத்திரம் தொடுகிறோமோ அதற்கேற்ப அன்பளிப்பு பில்லில் ஏறும். ஐந்து தொட்டால் பத்து சதவீதம், குறையக் குறைய அதுவும் குறையும், ஒன்று தொட்டால் ஒன்றுமில்லை. மார்க்கு வாங்க வேண்டியவரே திரையை ஏந்திக்கொண்டு நம் முகத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும் என்பது அப்போதே எனக்கு உறுத்தியது. ஆனாலும் நான் நான்கு போட்டேன். என் கணக்கில் நான்கு என்பது நல்ல மதிப்பு. ஆலையில் நான் எதற்கும் லேசில் முழு மதிப்புக் கொடுத்ததில்லை.

எஸ்தர் திரையைத் திருப்பிப் பார்த்தார். "நாலா? பரவால்ல மேடம்," என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அந்தப் 'பரவால்ல' எனக்கு அப்போது புரியவில்லை.

பத்து மணிக்குக் கார் வந்தது. வார்ப்பாலையின் விற்பனை மேலாளர் பிரபாகர் அவரே வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். என் பையைத் தூக்கிக்கொண்டார், கார்க் கதவைத் திறந்தார், ஏசி போதுமா என்று இரண்டு தடவை கேட்டார். பழக இனிமையான மனிதர். அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதற்குப் பிறகு அவரைப் பற்றி நான் நல்லதாக எதுவும் சொல்லப் போவதில்லை.

காலை முழுவதும் ஆலையைச் சுற்றிக் காட்டினார். பகல் ஒரு மணிக்குச் சாப்பிட என் ஓட்டலுக்கே அழைத்து வந்தார். அவர்தான் விருந்தளிப்பவர். எஸ்தரின் மேசைதான் காலியாக இருந்தது.

உட்கார்ந்ததும் பிரபாகர் விரலைச் சொடுக்கினார். எஸ்தர் வந்தார்.

"கூப்ட்டா வந்துடுவேன் சார். சொடக்கு போட வேணாம்," என்றார். குரலில் சண்டை இல்லை. சோறு வேண்டுமா என்று கேட்கும் அதே குரல்.

பிரபாகர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் எஸ்தரிடம், "ஏம்மா, கொஞ்சம் சிரிச்சிக்கினே வெச்சா கொறைஞ்சா போயிடுவ? மேடம் எவ்ளோ தூரத்துலேந்து வந்திருக்காங்க," என்றார்.

"சாப்பாடு சூடா இருக்குதா சார்?"

"இருக்கு."

"அப்ப வேற இன்னா வேணும் சொல்லுங்க, எட்த்துக்கினு வரேன்."

அவ்வளவுதான் நடந்தது. சாப்பாடு நன்றாகவே இருந்தது. அப்பளம் கேட்காமல் வந்தது, என் தம்ளரில் ஒரு தடவைகூடத் தண்ணீர் தீரவில்லை. முடிந்ததும் எஸ்தர் திரையை ஏந்திக்கொண்டு வந்து நின்றார். பிரபாகர் தன் கைப்பேசி எண்ணை அடித்தார், என் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினார், முதல் நட்சத்திரத்தை மட்டும் தொட்டார்.

"சார், ஒண்ணு போட்டீங்கன்னா எனக்கு பேஜாராயிடும் சார்," என்றார் எஸ்தர்.

"அப்ப சிரி."

எஸ்தர் சிரிக்கவில்லை. பிரபாகர் விரலை இன்னும் எடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தார், சிரித்தால் மாற்றுவேன் என்பதுபோல. இரண்டு குழந்தைகளின் தகப்பன் அவர். காரில் வரும்போது படம் காட்டினார். ஒரு பெண்ணின் முகத்துக்கு முன்னால் அப்படி விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். எஸ்தர் தரையைப் பார்த்தார். பிரபாகர் அழுத்திவிட்டார்.

"எதற்கு ஒன்று போட்டீர்கள்? பரிமாறியதில் என்ன குறை?" என்று கேட்டேன்.

"ஆட்டிட்யூட் மேடம். ஒரு தடவ அடி வாங்கினாத்தான் கத்துக்குவாங்க. இதுக்குத்தானே ஸ்டாரு வெச்சிருக்கான்!"

எஸ்தர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் அவரைப் பற்றி வழக்காட எனக்கு வாய் வரவில்லை. எழுந்து கை கழுவப் போனேன்.

பிற்பகல் சக்கரங்களைப் பார்த்தேன். இருபத்துநான்கில் இருபத்திரண்டு ஒரு குறையும் இல்லாதவை. மீதி இரண்டில் பல்லின் அடியில், வார்க்கும்போது காற்று அடைபட்டு உண்டான சிறு குழிகள் இருந்தன. சுமை ஏறினால் அங்கேதான் உடையும். சாக்கட்டியால் குறி போட்டு ஒதுக்கி வைத்தேன். உபரியாக வார்த்து வைத்த சக்கரங்கள் இருக்கின்றன, பல் வெட்டி வியாழக்கிழமை காலை காட்டுகிறோம் என்றார் பிரபாகர். முகம் சுளிக்கவில்லை. அதற்காக நான் இன்னொரு நாள் தங்க வேண்டியதாயிற்று.

"நீங்க கருவி வெச்சு அளந்து சொல்றீங்க மேடம். அதுல நான் எதிர்த்துப் பேசுவேனா?" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மத்தியானம் அந்தப் பெண்ணை நீங்கள் எந்தக் கருவி வைத்து அளந்தீர்கள்?" என்று கேட்டேன்.

முதலில் அவருக்கு எந்தப் பெண் என்றே நினைவு வரவில்லை. நினைவு வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். "அத இன்னும் மறக்கலியா மேடம் நீங்க!"

மாலை ஆறரைக்கு ஓட்டலுக்குத் திரும்பினேன். எஸ்தர் ஷிப்ட் முடிந்து, சீருடையை மாற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகக் கிளம்பிக்கொண்டிருந்தார். நானே போய்ப் பேசினேன். ஒரு நட்சத்திரம் வாங்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார், ஆனாலும் நின்று சொன்னார்.

"டிப்சு எங்க கைக்கு வராது மேடம். எல்லாம் ஆபீசுல சேரும். சனிக்கெழம பிரிச்சிக் குடுப்பாங்க. சராசரி நாலரைக்கு மேல இருந்தாத்தான் பங்கு. நாலுன்றது இங்க பெயிலு மாதிரி."

காலையில் வந்த 'பரவால்ல' இப்போது வந்து என் மேல் விழுந்தது.

"ஒன்று போட்டால்?"

"மாசத்துல மூணு ஒண்ணு வந்தா உள்ள போட்டுடுவாங்க. பாத்திரம் கழுவற எடம். சம்பளம் மாசத்துக்கு ஆயிரத்தஞ்ஞூறு கொறையும், பங்கும் கெடையாது. இன்னிக்கி அந்த சார் போட்டது எனக்கு மூணாவது."

மற்ற இரண்டும் எதற்காக வந்தன என்று கேட்டேன். ஒன்று, பிரியாணி தீர்ந்துவிட்டது என்று சொன்னதற்கு. இன்னொன்று, போன் நம்பர் கேட்டவரிடம் தர முடியாது என்று சொன்னதற்கு. பிரியாணியை எஸ்தர் சமைப்பதில்லை. போன் நம்பர் ஓட்டல் விற்கும் பொருளும் இல்லை.

அவர் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், நாலைந்து கிலோமீட்டர் தள்ளி. புருஷன் கம்பி உருட்டும் ஆலையில் ஷிப்ட் வேலை. அம்மா, மாமியார் எல்லோரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். "வெயில்ல நிக்காத வேலன்னு இதுக்கு வந்தேன்," என்றார். பஸ் வந்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

நான் நேராகக் கல்லாவுக்குப் போனேன். மேனேஜர் ஐம்பது வயதுக்காரர், நெற்றியில் சந்தனம், பேச்சில் வெண்ணெய்.

"மேடம், மார்க்கு போடறது கஸ்டமரு. நாங்க ஒண்ணும் பண்றதில்ல. பார்ஷியாலிட்டி கூடாதுன்னுதான் ஓனரு இந்த சிஸ்டத்த கொண்டாந்தாரு."

"சிரிக்காததற்காக ஒருவர் ஒன்று போட்டிருக்கிறார். நான் அதே மேசையில் உட்கார்ந்திருந்தேன். நான் சாட்சி. எடுத்துவிடுங்கள்."

"எங்களால எடுக்க முடியாது. போட்டவரு நம்பருக்கு ஒரு லிங்க் போயிருக்கும். மூணு நாளைக்குள்ள அவரே மாத்துனாத்தான் உண்டு."

"சரி. டிப்ஸ் பங்கு கிடைக்காதவர்களுடைய பணம் எங்கே போகிறது?"

ரூமில் வெந்நீர் வருகிறதா மேடம் என்று கேட்டார்.

டிப்ஸ் கொடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. ராஜபாளையத்தில் நான் மதியம் சாப்பிடும் மெஸ்ஸில் எழும்போது இலை ஓரம் பத்து ரூபாய் வைப்பேன். ரசம் ஆறியிருந்த நாளிலும் வைத்திருக்கிறேன், பரிமாறுகிறவர் எரிந்து விழுந்த நாளிலும் வைத்திருக்கிறேன். அவருக்கு அன்று என்ன கஷ்டமோ என்று நினைத்துக்கொள்வேன். அந்த மெஸ்காரரும் ஒன்றும் வள்ளல் இல்லை. அங்கேயும் சம்பளம் குறைவுதான். ஆனால் அந்தப் பத்து ரூபாயை மேலே வைத்து ஒருத்தரை நிறுத்திப் பரீட்சை நடத்த அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. இங்கே முதலாளி கொடுக்க வேண்டிய கூலியின் ஒரு பகுதியைப் பிய்த்து எடுத்து, அதற்கு அன்பளிப்பு என்று பெயர் வைத்து, சவுக்கை வந்து போகிற எல்லார் கையிலும் கொடுத்திருக்கிறார்கள். அடிக்கிறவனுக்கும் வலிப்பதில்லை, அடிக்கச் சொன்னவனுக்கும் கை அழுக்காவதில்லை.

புதன்கிழமை காலை, கார் வாசலில் நிற்கிறது என்று பிரபாகரின் டிரைவர் போன் செய்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு வந்து ஷேர் ஆட்டோவில் ஏறினேன். சிப்காட்டுக்கு இருபது ரூபாய். ஏற்கெனவே ஆறு பேர் இருந்த வண்டியில் ஏழாவதாக என்னைத் திணித்துக்கொண்டார் டிரைவர்.

"அந்த ஸ்டாரு போடற ஓட்டல்லயா மேடம் தங்கிக்கினு கீறீங்க?" என்றார் அவர், கண்ணாடியில் என்னைப் பார்த்து. "எங்கிட்ட அதெல்லாம் கெடையாது. ஏறுனா இருவது ரூபா. குலுக்குனாலும் இருவது, குலுக்காட்டியும் இருவது."

"நீ எப்ப நைனா குலுக்காம ஓட்ன?" என்றார் என் பக்கத்தில் இருந்த அம்மாள். ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் ஒரு பெயிண்ட் கம்பெனிக்கு வருகிறவராம். வண்டி முழுக்கச் சிரித்தது. ஓட்டல் விவகாரத்தை நான் சொன்னதும் அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது. "எங்க கம்பெனிலயும் சூப்பர்வைசரு மார்க்கு போடறான். அவனாச்சும் எட்டு மணி நேரம் பாத்துட்டுப் போடறான். சோறு துன்ற நேரத்துல ஒர்த்தி எப்டின்னு இன்னா தெரியும்? டப்பு குடுக்க மனசில்லன்னா குடுக்காம போ. மார்க்கு எதுக்கு?"

இரண்டு நாளில் நான் கேட்ட நேர்மையான பேச்சு அதுதான்.

பிரபாகரின் அறையில் கதவைச் சாத்திவிட்டுப் பேசினேன். மூன்றாவது ஒன்று என்றால் என்ன ஆகும் என்பதையும், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் விஷயத்தையும் எடுத்துச் சொன்னேன். உங்கள் போனில் லிங்க் இருக்கிறது, ஒரு நிமிட வேலை, மாற்றிவிடுங்கள் என்றேன்.

அவர் பணப்பையை எடுத்தார். "அவ்ளோதானே மேடம்? இந்தாங்க, ஐந்நூறு. அந்தப் பொண்ணுக்கு குடுத்துடுங்க. உங்களுக்காக."

"பணம் கேட்கவில்லை. போட்டதை எடுங்கள்."

இப்போது முதல் தடவையாக அவர் முகத்தில் எரிச்சல் தெரிந்தது. "மேடம், நீங்க ரிஜெக்ட் பண்ண ரெண்டு சக்கரத்த நான் கெஞ்சினா பாஸ் பண்ணுவீங்களா?"

"கெஞ்சினால் மாட்டேன். என் அளவு தப்பு என்று காட்டினால் இந்த நிமிடமே மாற்றுவேன். உங்கள் அளவு தப்பு. நான் காட்டிவிட்டேன்."

"நான் காசு குடுத்து சாப்ட்டவன் மேடம். எனக்கு புடிக்கல, போட்டேன். கஸ்டமர் போட்டா போட்டதுதான்."

என் கைப்பையில் கையெழுத்துப் போட வேண்டிய தாள் இருந்தது. அதைப் போடாமல் இழுத்தடித்தால் பிரபாகர் அரை மணியில் வழிக்கு வந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். நன்றாக இருக்கும் இருபத்திரண்டு சக்கரங்களை மோசம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அப்படிச் செய்தால் அவர் எஸ்தருக்குச் செய்ததையே நான் அந்தச் சக்கரத்தை வார்த்தவர்களுக்குச் செய்தவள் ஆவேன். செய்யவில்லை. ஆனால் அன்று அவர் வாங்கித் தந்த மோரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அன்று மாலை செய்த காரியத்தைத்தான் யோசித்துச் செய்திருக்க வேண்டும். டிபன் சாப்பிட்டு முடித்ததும் என் பணத்தில் ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து, அன்றும் கூடத்தில்தான் இருந்த எஸ்தரின் கையில் வைத்து மூடினேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பின்னால் இழுப்பதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். கூடத்தின் மூலையில் கேமரா இருக்கிறது.

"கைல குடுக்கக்கூடாது மேடம். ரூல்சு." எஸ்தரின் விரல்களுக்குள்ளிருந்து தாளை உருவினார். கல்லாவின் மேல் இருந்த கண்ணாடிப் பெட்டியில் போட்டார்.

நான் எழுந்து நின்று கத்தினேன். அது என் பணம், நான் கொடுத்தது அவருக்கு, நீங்கள் யார் எடுக்க என்றேன். அந்தப் பெட்டியை யார் திறக்கிறார்கள், எப்போது திறக்கிறார்கள் என்றேன். நான்கு மேசை தள்ளிச் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மேனேஜர் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. கடைசியில் எஸ்தரைப் பார்த்து மட்டும், "கஸ்டமர இப்டி டென்ஷன் ஆக வெச்சிட்டியேம்மா," என்றார்.

நான் மாடிப்படி ஏறும்போது எஸ்தர் பின்னாலேயே வந்தார். அவர் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

"நான் உங்கள காசு கேட்டனா மேடம்?"

"இல்லம்மா, நான்..."

"நீங்க நாளைக்கு ஊருக்குப் போயிடுவீங்க. நான் இங்கதான இருக்கணும்? அவரு ஒண்ணு போட்டாரு, நீங்க ஊரக் கூட்டிட்டீங்க. ரெண்டுக்கும் நான்தான பதில் சொல்லிக்கினு நிக்கணும்? எனக்காக சண்ட போடறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார். அவர் கேட்டதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

வியாழக்கிழமை காலை கூடத்தில் எஸ்தர் இல்லை. வேறொரு பெண் திரையை ஏந்திக்கொண்டு வந்தார். பல் தெரியச் சிரித்துக்கொண்டே நின்றார், நான் தொடும் வரைக்கும் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. ஐந்தைத் தொட்டேன். எஸ்தர் எங்கே என்று மேனேஜரிடம் கேட்டேன். "ரொட்டேஷன் மேடம்," என்றார்.

ஓட்டலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். தகரக் கூரையின் கீழ் நீளமான தொட்டி, பக்கத்தில் ஆளுயரத்துக்கு எச்சில் தட்டு. எஸ்தர் புடவைமேல் ரப்பர் துணி கட்டிக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தவில்லை.

"நேத்து கோவத்துல பேசிட்டேன்," என்றார்.

"நீங்கள் சரியாகத்தான் பேசினீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். இனிமேல் நான் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் மட்டும் செய்கிறேன்."

இன்னும் இரண்டு தட்டுகளைத் தேய்த்துக் கவிழ்த்தார்.

"காசு வேணாம். அந்த சாரு அந்த ஒண்ண எடுத்தாப் போதும். எட்த்துட்டாருன்னா, நான் போயி ஓனருகிட்டயே கேக்கலாம், எதுக்கு என்ன உள்ள போட்டீங்கன்னு. அது இருக்கற வரைக்கும் என்னால வாயத் தொறக்க முடியாது." அப்புறம் ஒரு தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இங்க ஒரு சவுக்கியம் மேடம். எம் மூஞ்சி எப்டி இருக்குதுன்னு தட்டு கேக்காது. ஆயிரத்தஞ்ஞூறுதான் போச்சு."

பதினோரு மணிக்கு வார்ப்பாலையில் புதிய சக்கரங்கள் இரண்டையும் அளந்தேன். சரியாக இருந்தன. கையெழுத்துப் போட்டேன். பிரபாகரிடம் எஸ்தர் சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல் சொன்னேன். பார்க்கிறேன் மேடம் என்றார். ஸ்டேஷன் வரைக்கும் கார் வரும் என்றார். நான் கேட்டுக்கு வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்கு நின்றேன். செவ்வாய்க்கிழமை ஆலையைச் சுற்றிப் பார்த்தபோது அறிமுகமான அவருடைய முதலாளி மாடி ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததை அப்போது கவனித்தேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பகல் இரண்டு மணி வண்டி. உச்சி வெயிலில் பெட்டி முக்கால்வாசி காலி. பொன்னேரி தாண்டும்போது போன் வந்தது. பிரபாகர்.

"மேடம், மாத்திட்டேன். ஒண்ண எடுத்துட்டு அஞ்சு போட்டாச்சு. ஸ்கிரீன் ஷாட் அனுப்பியிருக்கேன், பாருங்க. இப்ப ஹேப்பிதானே?"

பார்த்தேன். ஐந்தும் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தன. சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒரு நிமிடம்.

"எங்க எம்.டி. கேட்டாரு மேடம், அவங்க ஏன் கம்பெனி கார்ல ஏறாம ஆட்டோல போறாங்கன்னு. விஷயத்த சொன்னேன், சத்தம் போட்டாரு. அடுத்து அறுபது சக்கரத்துக்கு கொட்டேஷன் கேட்டிருக்கீங்கல்ல, அதுல இத மனசுல வெச்சிக்காதீங்க மேடம்."

அந்த ஐந்து நட்சத்திரங்களும் யாருக்கு விழுந்தவை என்று அப்போது விளங்கியது. செவ்வாய்க்கிழமை சூடாகச் சோறு போட்டவருக்கு அல்ல. ஒன்று போட்டபோதும் எஸ்தரின் வேலையைப் பார்த்துப் போடவில்லை, ஐந்து போட்டபோதும் பார்க்கவில்லை. இருந்தாலும் எஸ்தர் கேட்டது கிடைத்துவிட்டது. இனி அவர் வாயைத் திறக்கலாம்.

"நல்லது. ஓட்டல் உங்களுக்கு ரெண்டு கிலோமீட்டர்தானே? சாயங்காலம் ஒரு நடை போய், மாற்றிவிட்டேன் என்று நேரில் சொல்லிவிடுங்கள். தப்பாகப் போட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை," என்றேன்.

"யார்கிட்ட மேடம்?" என்றார் பிரபாகர். கேலி இல்லை, கோபமும் இல்லை. உண்மையாகவே விளங்காத குரல். "அந்த சர்வர் பொண்ணுகிட்டயா?"

"ஆமாம். எஸ்தரிடம்," என்றேன்.

"சரி மேடம், பாக்கலாம்," என்று சிரித்துவிட்டு, வண்டியில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டார்.